முதல் பாடம் கடனாக இருக்கட்டும்

கேள்வி: சேலம் சிவதாபுரத்தில் இருக்கிறோம். கணவர் கொலுசுப் பட்டறையில் கூலிக்கு வேலை செய்கிறார். ஓனரிடம் 60,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறோம். எனக்கு வீட்டிலேயே தையல் வேலை. நான் பி.காம். படித்தவள் என்பதால், சபையின் பெண்கள் ஐக்கியத்தில் ‘வேதாகமம் காட்டும் குடும்ப நிதித் திட்டம்’ என்று எட்டு வாரம் பாடம் நடத்தச் சொல்கிறார்கள். இணையத்தில் தேடினால் எல்லாம் அமெரிக்கப் பாடங்களாக இருக்கின்றன. எங்கே ஆரம்பிப்பது? கடன் இருக்கும்போது தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) கொடுக்கலாமா என்று கேட்டால் என்ன சொல்வது? தெரிந்த இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர் இரண்டு வகுப்பு இலவசமாக எடுக்கிறேன் என்கிறார். விடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு, அமெரிக்கப் பாடங்கள் கிரெடிட் கார்டையும் முப்பது வருட வீட்டுக் கடனையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. உங்கள் ஐக்கியத்தில் உட்காரப்போகிறவர்களுக்குத் தண்டல், குழுக்கடன், நகைக்கடன், ஏலச்சீட்டு, முன்பணம் இவைதான் பிரச்சினை. அதனால் அந்தப் பாடங்களை மொழிபெயர்த்து நடத்த வேண்டாம். வேதபகுதி ஒன்று, அதற்கு நம்மூர்க் கணக்கு ஒன்று என்று ஒவ்வொரு வாரமும் ஜோடியாக வைத்துக்கொள்ளுங்கள். வசனத்தை மட்டும் வாசித்தால் ஆமென் சொல்லிவிட்டு எழுந்துபோவார்கள். கணக்கு மட்டும் போட்டால் அதற்குச் சபை எதற்கு?

பலரும் தசமபாகத்தைக் கொண்டுவரச் சொல்லும் மல்கியா 3:10-ல் ஆரம்பிப்பார்கள். நீங்கள் கடனில் ஆரம்பியுங்கள். நீதிமொழிகள் 22:7, ‘கடன்வாங்கினவன் கடன்கொடுத்தவனுக்கு அடிமை’ என்கிறது. உங்கள் வீட்டு முன்பணத்தையே இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்பணத்துக்கு வட்டி இல்லை என்பார்கள். ஆனால் பக்கத்துப் பட்டறையில் கூலி கூடுதலாகக் கிடைத்தாலும், பணத்தைக் கட்டாமல் அங்கே போக முடியாது. அந்த வித்தியாசம் மாதம் 1,000 ரூபாய் என்றால் வருடத்துக்கு 12,000. 60,000-க்கு அது 20 சதவீத வட்டி. எந்தச் சீட்டிலும் எழுதாத வட்டி.

தண்டலுக்கும் இப்படியே கணக்குப் போட்டுக் காட்டுங்கள். 10,000 ரூபாய்க் கடனில் 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருகிறார்கள்; நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 1,500-தானே என்று தோன்றும். தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துப் பார்த்தால் வருடத்துக்கு நூற்றுக்கு ஏறக்குறைய 120 ரூபாய் வட்டி. பைனான்ஸில் ‘12 சதவீதம்’ என்று ஒரு லட்சம் கொடுத்து, மாதம் 9,333 வீதம் 12 மாதம் வசூலித்தால் உண்மை வட்டி ஏறக்குறைய 21.5 சதவீதம். அதே ஒரு லட்சத்துக்கு அசல் குறையக் குறைய வட்டி போடும் 12 சதவீதக் கடனில் மாதத் தவணை சுமார் 8,885-தான். கடன் வாங்கும் முன் ‘தவணை எவ்வளவு, எத்தனை, கையில் வருவது எவ்வளவு’ என்ற மூன்று கேள்வியையும் கேட்கப் பழக்கிவிட்டாலே அந்த வாரத்துப் பாடம் பலித்துவிட்டது.

ஜாமீன் கையெழுத்துக்குத் தனியாக ஒரு வாரம் ஒதுக்குங்கள். சபைக்குள்ளேயே ‘சகோதரன்தானே’ என்று கையெழுத்துப் போட்டு உறவு முறிந்த குடும்பங்கள் ஏராளம். நீதிமொழிகள் 22:26, 27 பிணைப்பட்டவனின் படுக்கை பறிபோவதைச் சொல்கிறது. 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவும் கிட்டத்தட்ட அதையே சொல்கிறது. வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத வரை, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு. கடன் கொடுத்தவர் முதலில் கடன் வாங்கியவரைத்தான் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. நேராக உங்கள் வாசலுக்கே வரலாம். உதவ மனமிருந்தால், திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய தொகையைக் கையில் கொடுங்கள். கையெழுத்து வேண்டாம்.

அடுத்தது ஆதியாகமம் 41: செழிப்பான ஏழு வருடத்தில் சேர்த்துவைத்து, பஞ்சமான ஏழு வருடத்தைச் சமாளித்த யோசேப்பின் கதை. கொலுசு வேலையில் தீபாவளி, பொங்கல், கல்யாண மாதங்களில் ஆர்டர் குவியும். மற்ற மாதங்களில் பட்டறை தூங்கும். இப்படிப்பட்ட வீட்டுக்கு மாத பட்ஜெட் உதவாது, வருட பட்ஜெட் வேண்டும். ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: 7 மாதம் 22,000, 5 மாதம் 12,000. யோசேப்பு எகிப்தில் எடுத்துவைத்தது விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு. 22,000-ல் ஐந்தில் ஒன்று 4,400. ஏழு மாதத்தில் 30,800 சேரும். வீட்டுச் செலவு 17,600-க்குள் நிற்கும். மந்தமான மாதத்தில் குறைவது 5,600. ஐந்து மாதத்துக்கு 28,000. சேமிப்பில் சமாளித்தது போக 2,800 மிச்சம்! எல்லா வீட்டுக்கும் இவ்வளவு கச்சிதமாக அமையாது. அவரவர் எண்ணைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் வேலை செய்கிறவர்கள் வந்தால் அவர்களுக்குப் பழம் பறிக்கும் மாதங்கள்தான் செழிப்பான மாதங்கள், கணக்கு முறை ஒன்றே.

இந்தப் பணத்தை ஏலச்சீட்டில் போடக் கூடாது. அவசரத்தில் எடுத்தால் தள்ளுபடியில் போய்விடும். பதிவு செய்யாத சீட்டாக இருந்தால் முழுப்பணமுமே போகலாம். ஏடிஎம் கார்டு வாங்காத தனி வங்கிக் கணக்கோ அஞ்சலகச் சேமிப்புக் கணக்கோ போதும்.

தசமபாகக் கேள்வி நிச்சயம் வரும், அதுவும் முதல் வாரமே. பத்தில் ஒன்று கட்டாயம் என்று போதிக்கும் சபைகளும் உண்டு. 2 கொரிந்தியர் 9:7-ஐக் காட்டி, மனதில் நியமித்தபடி கொடுத்தால் போதும் என்பவர்களும் உண்டு. உங்கள் சபையின் போதனையை நீங்கள் வகுப்பில் திருத்தப் போக வேண்டாம். போதகரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஆனால் மூன்று பகுதிகளை முழுதாக வாசிக்க வையுங்கள். உபாகமம் 14-ல் மூன்றாம் வருடத் தசமபாகம் லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் போகிறது. மாற்கு 7-ல், காணிக்கை என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிடுகிறவர்களை இயேசு கடிந்துகொள்கிறார். 2 கொரிந்தியர் 8:12, ‘அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே’ என்கிறது. இவற்றை வாசித்தபின், தண்டல் வாங்கிக் காணிக்கை போடலாமா என்ற கேள்விக்கு அவர்களே பதில் சொல்லிவிடுவார்கள். மல்கியா வசனத்தை ‘ஒன்று போட்டால் பத்தாகும்’ என்று முதலீடுபோலச் சொல்லிக்கொடுக்க மட்டும் இடம் தராதீர்கள்.

ஒரு சந்தேகம் அடிக்கடி வரும்: சொந்தப் பட்டறை வைத்திருப்பவருக்கு எது வருமானம்? வியாபாரி கொடுத்த வெள்ளி அவருடையது அல்ல. வந்த கூலியில் ஆள் கூலி, வாடகை, கரண்ட், பற்றவைப்புச் செலவு போக நிற்பதுதான் வருமானம். முன்பணமும் வருமானம் ஆகாது, அது கடன். இதைப் பிரிக்காமல் எழுதுகிறவர்களின் நோட்டு எப்போதும் பொய் சொல்லும்.

மீதி வாரங்களில் சொந்த வீட்டாரை விசாரிக்கச் சொல்லும் 1 தீமோத்தேயு 5:8-ஐக் குடும்பக் காப்பீட்டோடும், ஏழு எட்டுப் பேருக்குப் பங்கிடச் சொல்லும் பிரசங்கி 11:2-ஐப் பணத்தைப் பிரித்துப் போடுவதோடும், கோபுரம் கட்டும் முன் செலவைக் கணக்குப் பார்க்கச் சொல்லும் லூக்கா 14:28-ஐ வீடு கட்டும் செலவோடும் சேர்த்து நடத்தலாம். வங்கி வழியாக வருடம் 436 ரூபாயில் 2 லட்சத்துக்குக் கிடைக்கும் மத்திய அரசின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டை, 18 முதல் 50 வயதுக்குள் இருப்பவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

வகுப்பில் யாரும் சொந்தக் கடன் தொகையைச் சொல்லக் கூடாது என்று முதல் நாளே விதி போடுங்கள். ஜெப விண்ணப்பம் என்று ஆரம்பிப்பது ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊர்ப்பேச்சாகிவிடும். பலகையில் கற்பனைக் குடும்பம், சொந்த நோட்டு வீட்டில்.

ஏஜென்ட் விஷயம்: வேண்டாம். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் பாலிசி விற்றால் அவருக்குக் கமிஷன் உண்டு, அதுவும் முதல் வருடம் அதிகம். ஜெபம் முடிந்த கையோடு நீட்டப்படும் படிவத்தை மறுக்க நம் பெண்களுக்குக் கூச்சமாக இருக்கும். நீங்களும் எந்தத் திட்டத்தையும் ‘இதில் போடுங்கள்’ என்று சொல்லாதீர்கள். கட்டணம் வாங்கி முதலீட்டு ஆலோசனை சொல்ல, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியில் பதிவு வேண்டும். அதற்கு செபியின் பயிற்சி நிறுவனமான என்ஐஎஸ்எம் நடத்தும் 10-ஏ, 10-பி தேர்வுகளில் தேற வேண்டும். பின்னாளில் இதையே தொழிலாக்க நினைத்தால் அந்தப் பாடநூல்களை இப்போதே வாசிக்கத் தொடங்கலாம், பி.காம். படித்த உங்களுக்குக் கடினமாக இராது.