புதுப்படம் வீட்டுக்கு வர ஏன் 4 வாரம் ஆகிறது?

தியேட்டரில் வெளியான படம் ஓடிடிக்கு வரும்வரை விடும் இடைவெளி அது. தமிழில் பெரும்பாலும் 4 வாரம். தியேட்டர்காரர்கள் 8 கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம்தான். டிக்கெட் பணத்தில் முதல் வாரம் பெரும்பங்கு விநியோகஸ்தருக்குப் போகும். நாள் போகப்போகத்தான் தியேட்டர் பங்கு கூடும். அதற்குள் படம் செல்போனுக்கு வந்துவிட்டால், கோபியிலோ தாராபுரத்திலோ மதியக் காட்சிக்குப் பத்துப் பேரை வைத்துக்கொண்டு ஏசி ஓட்ட வேண்டியதுதான். 1914இலேயே சாமிக்கண்ணு வின்சென்ட் கோவையில் நிரந்தர சினிமா அரங்கு கட்டிய கொங்கு மண்ணில் அந்த நிலை வரக் கூடாது.

இந்த இடைவெளியும் திருப்பூர் பனியன் மாதிரிதான்: முதலில் ஆர்டர் கொடுத்தவருக்கு, மிச்சம் அந்த ஊர்ச் சந்தையான காதர்பேட்டைக்கு. துணி ஒன்றுதான், காத்திருந்தால் விலை குறைவு.

அப்புறம், சீக்கிரம் ஓடிடிக்கு வந்தாலே படம் தோல்வி என்று நினைக்க வேண்டாம். அந்தத் தேதி பல படங்களுக்கு ரிலீசுக்கு முன்பே ஒப்பந்தத்தில் முடிவாகிவிடும்.