கூலன்ட் அலாரம்: எத்தனை டிகிரியில் கத்த வேண்டும்?

கேள்வி: பத்து வருடப் பழைய டீசல் காருக்கு கூலன்ட் சூட்டு அலாரம் மாட்டியிருக்கிறேன். சென்சார், ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸில் இருக்கிறது. 95 டிகிரி வைத்தால் கோரிப்பாளையம் சிக்னலில் ஏசியோடு நின்றாலே கத்துகிறது. 115 வை என்கிறார் மைத்துனர். எது சரி?
- வாசகர், திருமங்கலம்

பதில்: இரண்டும் வேண்டாம். பெரும்பாலான கார்களில் தெர்மோஸ்டாட் (சூடேறியதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும்; ஃபேன் 95-ஐ ஒட்டி ஓடும். ஆக, 95 என்பது இன்ஜின் ஒழுங்காக வேலை செய்யும் சூடு. அதற்கே கத்தினால் நாலாம் நாள் நீங்களே ஒயரைப் பிடுங்கிவிடுவீர்கள்.

115-இல் ஆபத்து வேறு. ரேடியேட்டர் மூடி நன்றாக இருந்து அழுத்தம் நிற்கும்வரை, தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் 125 தாண்டித்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் போய்விட்டால் 107, 108-லேயே கொதித்து வெளியே கொட்டிவிடும். வெறும் தண்ணீரென்றால் 100, கொடைக்கானல் உயரத்தில் 93. நீங்கள் வைத்த 115 வருவதற்குள் ரேடியேட்டர் காலி.

உங்கள் எண்ணை உங்கள் கார்தான் சொல்ல வேண்டும். பத்து நாள் குறித்து வையுங்கள்: மத்தியான வெயிலில் ஏசியோடு நெரிசலில் எவ்வளவு, ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு வத்தலகுண்டிலிருந்து கொடைக்கானல் மலையேறும்போது எவ்வளவு. வந்ததில் அதிகபட்சத்தோடு 5 டிகிரி கூட்டுங்கள். 100 என்றால் 105. அதிகபட்சமே 103-ஐத் தாண்டினால் எண்ணை ஏற்றாதீர்கள். ரேடியேட்டர் அடைப்பையும் ஃபேனையும் மூடியையும் பாருங்கள். குறிக்கத் தொடங்கும் முன் சென்சாரைக் கழற்றி, கொதிக்கும் தண்ணீரில் முனையை மட்டும் நனையுங்கள். மதுரையில் 99, 100 காட்ட வேண்டும்.

எண்ணைவிட என்னை உறுத்துவது சென்சார் இருக்கும் இடம். பல இன்ஜின்களில் மேல் ஹோஸ் தெர்மோஸ்டாட்டுக்கு அப்பால் இருக்கிறது. தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கிக்கொண்டால் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட் வெந்துகொண்டிருக்கும், ஹோஸ் ஆறியிருக்கும், அலாரம் வாய் திறக்காது. ஹெட்டில், தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால் மாற்றச் சொல்லுங்கள். (தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடலாம் என்பார்கள். அது இன்ஜினுக்கு நல்லதல்ல.) கூலன்ட் ஒழுகிப் போனாலும் இதே கதை: சென்சார் காற்றில் தொங்கினால் சூடு குறைவாகத்தான் காட்டும். அதனால் கூலன்ட் டேங்கில் ஒரு லெவல் சென்சாரும் போட்டு, அதே பஸரில் சேர்த்துவிடுங்கள்.

கத்தியதும் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஓரங்கட்டுங்கள். ஆவி வராமல், லெவலும் இருந்தால் இன்ஜினை ஐடிலில் விடுங்கள். ஃபேனும் பம்பும் சூட்டை இறக்கும். ஆவி வந்தாலோ முள் இறங்காவிட்டாலோ உடனே நிறுத்திவிடுங்கள். மூடியில் அரை மணி நேரமாவது கை வைக்காதீர்கள். பச்சைத் தண்ணீரை அவசரப்பட்டு ஊற்றினால் ஹெட் விரிசல் விடும்.