14 ஆண்டு எல்லோருக்கும்தான் போயிருக்கிறது

நாவல் எழுதுபவர்களுக்கான கேள்வி – பதில். இந்த இதழில்: விடுதலையான கைதி பழிவாங்கக் கிளம்பும் கதையின் பாத்திரங்கள்.

கேள்வி: என் கதாநாயகன் 14 ஆண்டு சிறையில் இருந்துவிட்டு வெளியே வருகிறான். அன்று இரவே தன்னைக் காட்டிக்கொடுத்தவனின் வீட்டுச் சுவரேறிக் குதிக்கிறான். படித்துப் பார்த்த நண்பர்கள் நம்பும்படி இல்லை என்கிறார்கள். வேகமான தொடக்கம் தவறா?

பதில்: வேகத்தில் தவறில்லை. ஆனால் அந்த வீட்டில் இன்னும் அவன்தான் குடியிருக்கிறான் என்று உங்கள் ஆளுக்கு யார் சொன்னது? 14 ஆண்டில் எதிராளி வீடு மாறியிருப்பான், தொழில் மாறியிருப்பான், உடம்பு பெருத்து முடி கொட்டி எதிரே வந்தாலும் தெரியாத ஆளாகியிருப்பான். கைதியின் மனசில் மட்டும் அவன் பழைய சட்டையோடு, பழைய சிரிப்போடு அப்படியே நிற்கிறான். இந்த வகை நாவல்கள் பெரும்பாலும் இங்கேதான் படுத்துவிடுகின்றன. கதாநாயகன் ஒருவனுக்குத்தான் காலம் நகர்ந்திருக்கும். மற்றவர்கள் எல்லோரும் அவன் வரும்வரை உறைந்துபோய்க் காத்திருப்பார்கள்.

அவன் கையில் என்ன இருக்கிறது என்று முதலில் பட்டியல் போடுங்கள். கைதாகும்போது போட்டிருந்த உடை, அப்போது சிறை வாங்கி வைத்துக்கொண்ட பணம், பொருட்கள். விடுதலையின்போது இவற்றைத் திருப்பிக் கொடுத்து ரசீதில் கையெழுத்து வாங்க வேண்டும் என்று, ஐ.நா. பொதுச்சபை 2015இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள் சொல்கின்றன. அடையாள ஆவணம், பருவத்துக்கேற்ற உடை, ஊர் போய்ச் சேர வழி இவையும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கின்றன. நடைமுறையில் இவற்றில் எது கிடைக்கவில்லை என்பதுதான் உங்கள் இரண்டாம் அத்தியாயம். ஆவணம் இல்லையென்றால் தங்க அறை இல்லை, வேலை இல்லை. எதிராளியின் இப்போதைய முகவரியைக் கண்டுபிடிப்பதற்கே மூன்று அத்தியாயம் கொடுங்கள். ஒவ்வொரு படியிலும் ஒருவரிடம் கேட்டாக வேண்டும். அவன் போய்க் கேட்கும் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரம் ஆவார்.

அடுத்து உடம்பு. சிறைக்குள் கதவைத் திறப்பது கைதியின் வேலை இல்லை. வெளியே வந்த முதல் நாட்களில் மூடிய கதவின் முன் நின்றுவிடுவான். தலை எண்ணும் நேரத்துக்கு விழிப்பு வரும். அவசரமாகச் சாப்பிடுவான். சுவரில் முதுகு படும்படி உட்காருவான். சாலையைக் கடக்க வண்டியின் வேகத்தைக் கணிக்கத் தெரியாது. கைதி சிறையின் வழக்கங்களை மெல்ல மெல்லத் தனக்குள் வாங்கிக்கொள்வதைச் சமூகவியலாளர் டொனால்ட் கிளெம்மர் 1940இலேயே விரிவாக எழுதினார். இன்னொரு சமூகவியலாளர் கிரெஷாம் சைக்ஸ் 1958இல் சிறைவாசத்தின் வலிகளை ஐந்தாகப் பிரித்தார்: சுதந்திரம், பொருள் வசதி, எதிர்ப்பாலர் உறவு, தானே முடிவெடுக்கும் உரிமை, பாதுகாப்பு ஆகியவற்றின் இழப்பு. நாவலாசிரியருக்கு மிக உதவுவது நான்காவது. என்ன சாப்பிடலாம் என்றுகூடத் தேர்ந்தெடுக்கத் திணறுகிறவன், ஒரு மனிதனைக் கொல்வதா வேண்டாமா என்பதை மட்டும் முடிவு செய்து வைத்திருக்கிறான். அந்த ஒரு முடிவுதான் அவனிடம் மிச்சம். அதனால்தான் அதை விடமாட்டேன் என்கிறான். இது தெரிந்தால், சுவரேறும் காட்சி எப்போது வந்தாலும் நிற்கும்.

கேள்வி: கதாநாயகன் குற்றமே செய்யாதவனாக இருக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். நிரபராதிக்கு வாசகரின் இரக்கம் சும்மா கிடைத்துவிடும். பிறகு அவன் எதைச் செய்தாலும் சரியாகிவிடும். குற்றத்தில் பங்கு இருந்து, உடன் செய்தவர்கள் தப்பித்து, இவன் மட்டும் உள்ளே போனான் என்று வையுங்கள். கோபம் நியாயமானது, ஆனால் முழுக்க நியாயமானது இல்லை. அது அவனுக்கும் தெரியும்.

கேள்வி: எதிரிகள் ஐந்து பேர் வைத்திருக்கிறேன். நான்காவது ஆளுக்கு வருவதற்குள் எனக்கே அலுத்துவிடுகிறது.

பதில்: மூன்று போதும், மூன்றும் வேறு வேறு வகையாக இருக்கட்டும். ஒருவன் பொய்ச்சாட்சி சொன்னவன். ஒருவன் இவன் உள்ளே போனதால் லாபம் அடைந்தவன். மூன்றாமவர் உண்மை தெரிந்தும் வாயைத் திறக்காதவர். ஒரே வகைத் துரோகத்தை ஐந்து பேர் செய்தால் ஐந்து முறை ஒரே காட்சியைத்தான் எழுதுவீர்கள். உங்களுக்கு வந்த அலுப்பு அதுதான்.

மூவரில் ஒருவருக்கு அந்தச் சம்பவம் சரியாக நினைவில்லை என்று எழுதிப் பாருங்கள். கதாநாயகன் தினமும் படுக்கையில் ஓட்டிப்பார்த்த அந்த வாக்கியத்தை, சொன்னவன் மறந்தே போயிருக்கிறான். பயந்து நடுங்கும் எதிரியை என்ன செய்வது என்று கைதிக்குத் தெரியும், மறந்துபோன எதிரியை என்ன செய்வது என்று தெரியாது. மௌனம் காத்தவர் அப்படி இல்லை. ஒன்றையும் மறக்காமல் 14 ஆண்டும் சுமந்திருக்கலாம். அவரைத்தான் கடைசியாகச் சந்திக்க வைக்க வேண்டும்.

கேள்வி: மகள் பாத்திரம் அழுவதைத் தவிர எதுவும் செய்வதில்லை. எப்படி வளர்ப்பது?

பதில்: கணக்கில் தொடங்குங்கள். ஒரு தாளில் ஆண்டுகளை வரிசையாகவும் பாத்திரங்களைப் பத்திகளாகவும் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் வயதும் அந்த ஆண்டில் நடந்த ஒரு விஷயமும் எழுதுங்கள். கைதான நாள், தீர்ப்பு நாள், வெளியே வந்த நாள் மூன்றும் தனித்தனித் தேதிகள். விசாரணையின்போது உள்ளே இருந்த காலத்தைப் பல நாடுகளில் தண்டனைக் காலத்திலிருந்து கழித்துக்கொள்வார்கள். நன்னடத்தைக்குக் குறைப்பும் உண்டு. ஆகவே விதித்த ஆண்டும் உள்ளே இருந்த ஆண்டும் ஒன்றாக இருக்காது. இங்கே தடுக்கினால் மகளின் வயது அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறும்.

அப்பா போனபோது அவளுக்கு 3 வயது என்றால் இப்போது 17. பெரும்பாலானவர்களுக்கு முதல் மூன்று வயது வரையான நினைவு தங்குவதில்லை. அவளிடம் இருக்கும் அப்பா, பிறர் சொல்லிக் கேட்ட அப்பா. சொன்னவர் யார், அம்மாவா, பாட்டியா, பள்ளிக்கூடத்தில் கிண்டல் செய்த பையனா என்பதைத் தீர்மானியுங்கள். பாத்திரம் அங்கிருந்து எழும். அவளுக்கென்று உடனடியாக ஒரு காரியமும் கொடுங்கள்: தேர்வு, வேலை விண்ணப்பம், வீடு காலி செய்வது. அப்பா வந்தது அந்தக் காரியத்துக்கு இடைஞ்சல். வசனத்தில் அவள் அவனை எப்படியும் கூப்பிடாமலே பேசட்டும். ‘சாப்பாடு இருக்கு. லைட்டை அணைச்சிடுங்க’ போதும், அழ வைக்கவே வேண்டாம்.

கேள்வி: உடன் இருந்த சிறை நண்பன் ஒருவன் துப்பாக்கி, பணம், தகவல் எல்லாம் கொடுக்கிறான். வேலைக்கு ஆகுமா?

பதில்: ஆகாது. அவன் பாத்திரம் இல்லை, கதாசிரியரின் கைப்பை. மூன்றில் ஒன்றை மட்டும் கொடுக்கட்டும், பதிலுக்கு ஏதாவது கேட்கட்டும்.

கேள்வி: வெளியே வந்தவனைக் காவல்துறை கண்காணிக்குமா?

பதில்: தண்டனை முழுதும் முடிந்து வந்தானா, நிபந்தனையோடு முன்கூட்டியே விடப்பட்டானா என்பதை முதல் பக்கம் எழுதும் முன்பே முடிவு செய்யுங்கள். இரண்டாவது வகை என்றால் குறித்த நாளில் போய் முகம் காட்ட வேண்டும், ஊரைவிட்டுப் போக அனுமதி வேண்டும், மீறினால் மிச்சத் தண்டனைக்கு மறுபடி உள்ளே. கதைக்கு இது மிக நல்லது, பழிவாங்கலுக்கே ஒரு கால அட்டவணை வந்துவிடுகிறது. கண்காணிக்கும் அதிகாரியை வில்லனாக்காதீர்கள். இவன் திருந்திவிடுவான் என்று உண்மையாகவே நம்புகிறவராக இருந்தால், அவரை ஏமாற்றுவது வாசகருக்கு உறுத்தும்.

கேள்வி: சிறை நாட்களைப் பின்னோக்கில் எவ்வளவு சொல்லலாம்? இரண்டு ஆண்டு தனிமைச் சிறையும் வைத்திருக்கிறேன்.

பதில்: மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம், அதையும் துண்டு துண்டாக. தனிமைச் சிறையை யோசித்து வையுங்கள். நாளுக்கு 22 மணி நேரமோ அதற்கு மேலோ உருப்படியான மனிதத் தொடர்பில்லாமல் அடைப்பதைத்தான் மண்டேலா விதிகள் அப்படிச் சொல்கின்றன. தொடர்ந்து 15 நாளுக்கு மேல் போனால் கூடாது என்கின்றன. இரண்டு ஆண்டு அனுபவித்தவன் கூட்டத்தில் சரளமாகப் பேசி, திட்டம் தீட்டி, ஆட்களை மயக்க மாட்டான். சத்தம் தாங்காது, எதிரே இருப்பவர் முகம் பார்த்துப் பேசுவதே சிரமமாக இருக்கும். அந்த இரண்டு ஆண்டை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அவன் பேச்சுத் திறமையை எடுத்துவிடுங்கள்.