தண்ணி வடிஞ்ச வீட்டுல கோடு போட்ட பாம்பு: இன்னைக்கு ராத்திரி தரையில படுக்காதீங்க

முடிச்சூர் பக்கத்துலருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க: "வீட்டுக்குள்ள முட்டி அளவு தண்ணி வந்து நேத்துதான் வடிஞ்சுது. காலையில பாத்ரூம் ஓரமா கருப்பா, வெள்ளைக் கோடு போட்ட பாம்பு ஒண்ணு போச்சு, அப்புறம் காணோம். ரெண்டு சின்னப் பிள்ளைங்க இருக்கு. பினாயில் ஊத்தினா போயிடுமா? முதலை வேற வரும்ங்கிறாங்களே?"

முதலைய மொதல்ல முடிச்சிடறேன். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் மழையப்போ பெருங்களத்தூர் பக்கம் ரோட்டுல முதலை போன வீடியோ உண்மைதான். சென்னை ஏரிகள்ல கொஞ்சம் சதுப்புநில முதலைங்க இருக்கு, ஏரி நிரம்பி வழிஞ்சதால வெளிய வந்துச்சு, ஆளைக் கண்டா ஒதுங்குற பிராணின்னு வனத்துறை தரப்புல அப்பவே சொன்னாங்க. ஏரிக்கரை பக்கம் தேங்கின தண்ணியில இறங்காதீங்க, அது போதும்.

உங்க வீட்டுக்குக் கவலை அந்தக் கோடு போட்ட பாம்புதான். வெள்ளத்துல எலி வளை பூரா தண்ணியாயிடும், எலியும் தவளையும் மேடான இடம் தேடி வீட்டுக்குள்ள ஏறும், பின்னாடியே பாம்பும் வரும். அதனால தண்ணி வடிஞ்சு நாம ஈரத் துணி, அட்டைப்பெட்டி, கேஸ் சிலிண்டர் சந்துன்னு கையை விட்டு கிளீன் பண்றோமே, அப்பதான் ஜாக்கிரதையா இருக்கணும். எதை நகர்த்துனாலும் நீளக் குச்சியால தட்டிட்டு, டார்ச் அடிச்சுப் பாத்துட்டு நகர்த்துங்க.

நீங்க பாத்தது விஷமே இல்லாத ஓநாய்ப்பாம்பாவும் இருக்கலாம், கட்டுவிரியனாவும் இருக்கலாம். ஓநாய்ப்பாம்பு பழுப்பா இருக்கும், பட்டை கழுத்துப் பக்கம் பளிச்சுன்னு இருந்து வால் பக்கம் மங்கிடும். கட்டுவிரியன் எண்ணெய் தடவுன மாதிரி பளபளன்னு கருப்பு, மெல்லிசா வெள்ளைக் கோடு, தலைப்பக்கம் மங்கலா இருந்து வாலுக்குப் போகப்போகத் தெளிவா தெரியும். கிட்டப் போய்ப் பாக்காதீங்க, தூரத்துலருந்து ஜூம் பண்ணி போட்டோ எடுத்தா போதும். எதுன்னு தெரியுற வரைக்கும் கட்டுவிரியன்னே நினைச்சுக்கங்க.

ஏன்னா அது ராத்திரியில நடமாடும், தரையில தூங்குறவங்களைக் கடிக்கும், வலியே இருக்காது, பல்தடம்கூட சில சமயம் தெரியாது. விடியக்காலைல பிள்ளை வயித்து வலின்னு எழுந்து, இமை தொங்கி, பேச்சு குழறி, முழுங்க முடியலன்னா அஜீரணம்னு நினைச்சு ஓமத்தண்ணி குடுத்துட்டு உக்காந்திடாதீங்க, உடனே 108 கூப்பிடுங்க. மூச்சுவிடற தசை செயலிழந்து போறதுதான் ஆபத்து, அதனால வென்டிலேட்டர் உள்ள பெரிய அரசு ஆஸ்பத்திரிக்கே போகச் சொல்லுங்க. விஷமுறிவு மருந்து அங்க இலவசம், நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்கும் ஒரே மருந்துதான், பாம்பைப் பிடிச்சுக் கொண்டுபோக வேண்டாம். கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க, வாய் வச்சு உறிஞ்சாதீங்க. மோதிரம், வளையல், கொலுசைக் கழட்டிட்டு, கடிபட்ட கையைக் காலை அசையாம வச்சு, நடக்கவிடாம தூக்கிட்டுப் போங்க.

பினாயில், பூண்டு, உப்பு எதுக்கும் பாம்பு ஓடாது. பினாயில் மேல பட்டா மிரண்டு எங்கயாவது உள்ள போய்ப் பூந்துக்கும், அப்புறம் தேடவே முடியாது. கட்டையால அடிக்கவும் போகாதீங்க, அடிக்கப் போய் கடிபடறவங்க நிறைய, 1972 வனவிலங்குச் சட்டப்படி அது குற்றமும்கூட. திரும்பக் கண்ணுல பட்டா பிள்ளைங்களை வெளிய அனுப்பிட்டு, அந்த ரூம் கதவைச் சாத்தி, கதவடிச் சந்துல துணி சொருகிட்டு 101க்கு போன் பண்ணுங்க, தீயணைப்பு ஆளுங்க வந்து பிடிப்பாங்க.

இன்னைக்கு ராத்திரி எல்லாரும் கட்டில்ல படுங்க, சுவத்தை விட்டுத் தள்ளிப் போட்டு, கொசுவலையை மெத்தைக்கு அடியில நல்லா சொருகிடுங்க, போர்வை தரையில தொங்கக்கூடாது. பாத்ரூம் தண்ணி போற ஓட்டையில கம்பிவலை வைங்க. நடுராத்திரி பிள்ளை ஒண்ணுக்குன்னு எழுந்தா நீங்க மொதல்ல லைட்டைப் போட்டு தரையைப் பாத்துட்டு அப்புறம் இறக்கிவிடுங்க. பாம்பு மறுபடி கண்ணுல படலைன்னாலும் இதை ஒரு வாரமாவது விடாம செய்ங்க.