இரண்டாம் வருடக் கணக்கு

அன்புள்ள ஐயா,

நான் ஈரோட்டில் இயந்திரப் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. அக்டோபரில் சேர வேண்டும். பாடங்கள் ஆங்கிலத்தில்தான். கல்விக் கட்டணம் இல்லை என்பதால், வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து முதல் வருடச் செலவுக்குக் கடன் வாங்க அப்பா சம்மதித்துவிட்டார். இரண்டாம் வருடத்தைப் பகுதிநேர வேலையில் சமாளித்துவிடலாம் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். ஜெர்மன் மொழியில் ஏ1 என்ற தொடக்க நிலை மட்டும் முடித்திருக்கிறேன். நீங்கள் அங்கே படித்தவர் என்பதால் கேட்கிறேன், இந்தக் கணக்கு சரிதானா?

ஒரு வாசகி, ஈரோடு

அன்புள்ள வாசகிக்கு,

இடம் கிடைத்ததற்கு வாழ்த்துகள். உங்கள் முதல் வருடக் கணக்கில் எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை; இரண்டாம் வருடக் கணக்குதான் கவலை தருகிறது.

கட்டணம் இல்லை என்பதை மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களிடம் ஒரு பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் வாங்கத் தொடங்கிவிட்டது. விசாவுக்காக நீங்கள் முடக்கக் கணக்கில் (மாதாமாதம் குறிப்பிட்ட தொகையை மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) போடும் 11,904 யூரோ, மாதம் 992 யூரோவாக உங்கள் கைக்கு வந்து, பன்னிரண்டாம் மாதத்தோடு தீர்ந்துவிடும்.

அதன் பிறகு வேலை. ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வேலை பார்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது கிடங்கில் இரவில் பார்சல் பிரிக்கும் வேலையோ, சைக்கிளில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையோதான். அந்த வேலைகளில் இழிவு எதுவும் இல்லை. ஆனால் இரவு முழுக்க நின்றுவிட்டுக் காலை எட்டு மணி வகுப்பில் உட்காரும் உடம்பு எத்தனை மாதம் தாங்கும்? அங்கே தேர்வுமுறையும் வேறு. நம் ஊரில் அரியர் வைத்துத் திரும்பத் திரும்ப எழுதித் தேறிவிடலாம். ஜெர்மனியில் பல படிப்புகளில் ஒரு கட்டாயப் பாடத்தில் மூன்று முறை தவறினால் பெயரையே நீக்கிவிடுவார்கள். அதன்பின் அதே படிப்பை அந்த நாட்டில் வேறெங்கும் தொடர்வதும் பெரும்பாலும் முடியாது. மாணவரின் விசாவோ அந்தப் படிப்பை நம்பித்தான் இருக்கிறது.

மொழி தெரியாமல் இருப்பது எப்படிப்பட்டது என்பதை என் முதல் குளிர்காலத்தில் அறிந்தேன். தபால் பெட்டியில் வந்த ஓர் உறையை விளம்பரம் என்று நினைத்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டேன். மூன்றாவது கடிதம் வந்தபோது பக்கத்து அறை நண்பர் படித்துச் சொன்னார்: வீட்டுக்கு வீடு கட்ட வேண்டிய வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் அது, தாமதக் கட்டணமும் சேர்ந்திருந்தது. பணத்தைக் கட்டிவிட்டேன். என் பெயருக்கு வந்த கடிதத்தைப் பொறியியல் பட்டம் பெற்ற நான் இன்னொருவரிடம் நீட்டிப் படிக்கச் சொன்னதுதான் நெடுநாள் உறுத்தியது.

அதனால் ஓராண்டு தள்ளிப் போங்கள் என்றே சொல்வேன். இந்த இடம் உங்களுக்காகக் காத்திருக்காது, மறுபடி விண்ணப்பிக்க வேண்டியிருக்கலாம் என்பது தெரிந்தேதான் சொல்கிறேன், நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் காலாவதியாவதில்லை என்பதால் அந்த அலைச்சலாவது மிச்சம். அந்த ஓராண்டில் பி1, முடிந்தால் பி2 வரை படித்துவிடுங்கள். கோவையிலேயே ஜெர்மன் கற்றுத்தரும் கோத்தே மையம் இருக்கிறது. ஜெர்மன் பேச வந்துவிட்டால் உங்கள் துறை சார்ந்த நிறுவனங்களிலேயே மாணவப் பணி தேடலாம். படிப்பு முடிந்தபின் வேலை தேட அவர்கள் தரும் 18 மாதங்களிலும் இயந்திரப் பொறியியல் நிறுவனங்கள் முதலில் கேட்பது அந்த மொழியைத்தான்.

இந்த அக்டோபரிலேயே போவது என்று முடிவெடுத்தால், பத்திரத்தை வங்கியில் கொடுப்பதற்கு முன் அப்பாவோடு உட்கார்ந்து இரண்டு வருடச் செலவையும் ஒரே தாளில் எழுதுங்கள். வரவுப் பக்கத்தில் பகுதிநேரச் சம்பளத்தை எழுதாமல் அந்தக் கணக்கு நிற்கிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.