கார் ஷெட்டில் பட்டறை: வாசகர் கேள்விகள்

கேள்வி: கார் ஷெட்டில் சின்னப் பட்டறை போடுகிறேன். மெஷின்கள் வாங்கியாச்சு. வீட்டு லைனிலேயே ஓட்டலாமா? (சத்துவாச்சாரி)

மெஷினுக்கு முன்னால் வயரிங்கைப் பார்த்திருக்க வேண்டும், சார். 6 ஆம்ப் பிளக்கில் எக்ஸ்டென்ஷன் மாட்டி வெல்டிங் அடித்தால், வயர் உருகி நாற்றம் வந்த பிறகுதான் உங்களுக்கே தெரியும். மெயின் போர்டிலிருந்து ஷெட்டுக்குத் தனி லைன் இழுங்கள். மெஷினின் முதுகில் உள்ள தகட்டில் எத்தனை ஆம்ப் என்று போட்டிருக்கும். அதை எலக்ட்ரீஷியனிடம் காட்டி வயரின் கனத்தை முடிவு செய்யுங்கள். 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். எம்.சி.பி.யை (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) சி டைப்பாகக் கேளுங்கள். மோட்டார் கிளம்பும்போது கரண்ட்டைக் கூடுதலாக இழுக்கும், பி டைப் சும்மா சும்மா விழுந்துவிடும்.

லைட்டுக்கு வேறு சர்க்யூட் வையுங்கள். மெஷின் ட்ரிப் ஆனதும் லைட்டும் அணைந்தால், கிரைண்டர் டிஸ்க் இருட்டில் சுற்றிக்கொண்டிருக்கும், கையோ பக்கத்தில் இருக்கும். அப்புறம் எர்த். நம் பக்கம் பாறை நிலம், கோடையில் மண் காய்ந்துவிடும். எர்த் குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்றுங்கள்.

கேள்வி: தகரக் கூரை. மே மாதம் உள்ளே நிற்க முடியவில்லை. தெர்மோகோல் சீலிங் போடலாமா? (குடியாத்தம்)

வெல்டிங் பொறி பறக்கிற இடத்தில் தெர்மோகோலா? வேண்டவே வேண்டாம். தகரத்துக்கு மேலே வெள்ளை கூலிங் பெயிண்ட் அடியுங்கள். ஒரு சுவரில் கூரையை ஒட்டி எக்ஸாஸ்ட் ஃபேன், எதிர்ச் சுவரில் தாழ்வாக ஜன்னல். இதற்கு மேல் 40 டிகிரி வேலூர் வெயிலோடு மல்லுக்கட்ட முடியாது. மதியம் பட்டறைக்கு லீவு விடுங்கள்.

கேள்வி: தரைக்கு டைல்ஸ்? (காட்பாடி)

சுத்தியல் ஒருமுறை விழுந்தால் போச்சு. எண்ணெய் சிந்தினால் வழுக்கும். 4 அங்குல கனத்துக்கு எம்20 (கான்கிரீட்டின் பலத்தைச் சொல்லும் தரம்) கான்கிரீட் போதும், வாசல் பக்கம் லேசாகச் சரிவு வையுங்கள். ஈரச் சாக்கு போட்டு குறைந்தது 7 நாள் தரையை நனைத்து வையுங்கள்.

கேள்வி: மேசை எவ்வளவு உயரம்? (ஆற்காடு)

இழைப்புளி பிடிக்கிறவர் என்றால், நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரம். அரம் போடுகிற வைஸ் (இரும்பை இறுக்கிப் பிடிக்கும் கருவி) முழங்கை மட்டத்தில். மேசைக்கு, வீடு இடித்த பழைய தேக்குப் பலகை கிடைத்தால் விடாதீர்கள்.

கேள்வி: 4 அங்குல கிரைண்டரில் கார்டை (டிஸ்க்கை மறைக்கும் பாதுகாப்பு மூடி) கழற்றிவிட்டு 5 அங்குல மரம் அறுக்கும் பிளேடு போடலாமா? கார்பெண்டர்கள் போடுகிறார்களே? (வாலாஜா)

போடுகிறார்கள்தான். பிளேடு மரத்தில் சிக்கினால் கிரைண்டர் உங்கள் பக்கம்தான் எகிறும், தடுக்க கார்டும் இருக்காது. மரத்துக்குச் சர்க்குலர் ஸா வாங்குங்கள். எப்போதோ ஒருமுறை என்றால் வாடகைக்கு எடுங்கள்.