மொட்டைமாடிப் போர்க்களம்: கேள்வி பதில்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டைமாடி அறையில் ஞாயிறுதோறும் பகடை உருளும். வார்கேம் எனும் போர் ஆட்டம், போர்டு கேம், ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் கதாபாத்திர ஆட்டம் மூன்றும் அங்கே உண்டு. நண்பர்கள் அனுப்பிய கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

காட்பாடி, கல்லூரி மாணவர்: சதுரங்கத்துக்கும் வார்கேமுக்கும் என்ன வேறுபாடு? முதலில் எந்த ஆட்டப் பெட்டி வாங்கலாம்?

சதுரங்கத்தில் குதிரை எதிரியின் கட்டத்துக்குப் போனால் வெட்டு உறுதி. வார்கேமில் குதிரைப்படையை அனுப்பலாம்; அது போய்ச் சேருமா, சேர்ந்தாலும் எதிரி நிற்பானா ஓடுவானா என்பது பகடைக்கும் களத்துக்கும் தெரியும். 1824-இல் பிரஷ்ய ராணுவத்தில் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி இப்படியோர் ஆட்டத்தை வகுத்து, வரைபடத்தின் மேல் படைகளை நகர்த்தி அதிகாரிகளைப் பழக்கினார். இடையில் ஒரு நடுவர் இருப்பார். ஒவ்வொரு தரப்புக்கும் அதன் கண்ணுக்குத் தெரிந்தது மட்டும் சொல்லப்படும். அந்த இருட்டுதான் இந்த ஆட்டத்தின் சுவை.

பெட்டி எதையும் இப்போது வாங்காதீர்கள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை 2 செ.மீ. சதுரங்களாக வெட்டி, நாற்பது துண்டுகளில் பென்சிலால் படைப்பிரிவின் பெயரை எழுதுங்கள். மூன்று ஆட்டம் ஆடுங்கள். நான்காவது ஆட்டத்துக்கும் கை துறுதுறுத்தால் பிறகு கடைக்குப் போங்கள். ஓர் ஆட்டம்கூட ஆடாமல் பல ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிய பெட்டிகள் பரணில் கிடப்பதை எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன்.

குடியாத்தம், இல்லத்தரசி: ஆறுமுகப் பகடைக்குப் பதிலாகத் தாயக்கட்டை உருட்டினால் ஆட்டம் கெடுமா?

கெடாது அம்மா. இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். ஒரு கட்டையில் 0, 1, 2, 3 என்று நான்கு முகம். இரண்டு கட்டைக்குப் பதினாறு சேர்க்கை. அவற்றில் மூன்று விழ நான்கு வழி, இரண்டுக்கும் நான்குக்கும் மும்மூன்று, ஒன்றுக்கும் ஐந்துக்கும் இவ்விரண்டு, ஆறுக்கு ஒன்றே ஒன்று. இரண்டும் வெறுமையாக விழுந்தால் அது பன்னிரண்டு; அதற்கும் ஒரே வழி. இரண்டு ஆறுமுகப் பகடையில் ஏழு எப்படி நடுவில் குவிகிறதோ, அப்படியே இங்கே மூன்று குவிகிறது.

தாயம் விழ எட்டில் ஒரு வாய்ப்பு. பத்து முறை உருட்டியும் தாயமே விழாமல் போக நான்கில் ஒன்றுக்குச் சற்று மேலாகவே வாய்ப்பு இருக்கிறது. "எனக்கு மட்டும் தாயமே விழாது" என்று பாட்டி அலுத்துக்கொண்டது ராசியால் அல்ல, கணக்கால். எங்கள் ஆட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்குத் தாயக்கட்டைதான். நான்கும் அதற்கு மேலும் விழுந்தால் குண்டு பட்டது. பன்னிரண்டு விழுந்தால் வெடிமருந்துப் பெட்டி பற்றிக்கொண்டது.

ஒரே எச்சரிக்கை: கையால் அராவிய பித்தளைக் கட்டைகள் ஒரு பக்கம் கனத்திருக்கும். தனித்தனியாக நூறு முறை உருட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். முகத்துக்கு இருபத்தைந்தை ஒட்டி வர வேண்டும். திருவிழாக் கடையில் நான் வாங்கிய கட்டையொன்றில் மூன்று மட்டும் நாற்பத்தொரு முறை வந்தது. அது இப்போது காகிதம் பறக்காமல் இருக்க மேசையில் கிடக்கிறது.

ஆம்பூர், தோல் தொழிற்சாலை ஊழியர்: தெர்மகோலில் கோட்டைச் சுவர் செய்து ஸ்பிரே அடித்தேன். சுவர் கரைந்துவிட்டது.

ஸ்பிரேயில் இருக்கும் கரைப்பான் தெர்மகோலைத் தின்றுவிடும். உடனடியாக ஒட்டும் சூப்பர் க்ளூவும் அப்படித்தான். மரவேலைக்கான வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கலந்து இரண்டு பூச்சு பூசி, ஒரு நாள் காயவிட்டு, தண்ணீரில் கரையும் வண்ணத்தைத் தூரிகையால் தீட்டுங்கள். உங்கள் ஊரில் கழிவாகும் தோல் துண்டில் ஒரு சாண் சதுரம் எடுத்து, நான்கு மூலையையும் மடித்துத் தைத்தால் அருமையான பகடைத் தட்டு கிடைக்கும். சத்தமும் வராது, பகடை கட்டிலுக்கு அடியில் ஓடவும் ஓடாது.

வாணியம்பாடி: எந்தப் பெட்டியில் தொடங்கலாம்?

காட்பாடி மாணவருக்குச் சொன்னதுதான். கல்யாணப் பத்திரிகை அட்டை.

ராணிப்பேட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியர்: 1806 ஜூலை 10-இல் வேலூர்க் கோட்டையில் நடந்த சிப்பாய்ப் புரட்சியை நீங்கள் ஆட்டமாக ஆடுகிறீர்களாமே. அது தியாகிகளை இழிவுபடுத்துவது இல்லையா?

ஐயா, மக்கான் சந்திப்பு நினைவுத்தூணை நாள்தோறும் கடந்து போகிறவன் நான். அதில் கைவைத்துச் சொல்லச் சொன்னாலும் சொல்வேன்: அந்த நாளை எனக்குப் புரியவைத்தது இந்த ஆட்டம்தான். நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, தோல் வைத்த புதிய தலைப்பாகை அணிய வேண்டும் என்று 1805 நவம்பரில் உத்தரவு வந்ததையும், திப்புவின் குடும்பத்தார் கோட்டைக்குள் காவலில் இருந்ததையும் பள்ளியிலேயே படித்தேன். ஆனால் விடிவதற்குள் கோட்டையைக் கைப்பற்றியவர்கள் அன்றைக்கே அதை ஏன் இழந்தார்கள் என்பது, மேசைக்கு அந்தப் பக்கம் நின்று சிப்பாய்களை நகர்த்தியபோதுதான் உறைத்தது. கைப்பற்றுவதற்குத் திட்டம் இருந்தது. பிடித்து வைத்துக்கொள்ளக் கட்டளையிட ஒருவர் இல்லை. ஒரு பகுதியினர் சூறையில் சிதறினார்கள். வாசலுக்கு மேலே மதிலில் மிஞ்சிய ஆங்கிலேயரின் 69-ஆம் படைப்பிரிவு வீரர்களை யாரும் முழுதாக அகற்றவில்லை. ஆற்காட்டிலிருந்து சுமார் 25 கி.மீ. குதிரையில் வந்த ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பியை அவர்கள்தான் கயிற்றால் மேலே தூக்கினார்கள்.

வேலூர் கொசப்பேட்டை: வெள்ளைக்காரன் எழுதிய கணக்கை வைத்துச் சிப்பாய்களைத் தோற்கவே வைத்திருக்கிறீர்கள். இதற்கு எதற்கு ஆட்டம்?

தவறு. இதுவரை பதினொரு முறை ஆடியிருக்கிறோம். நான்கு முறை கோட்டை சிப்பாய்கள் கையிலேயே நின்றது. அந்த நான்கிலும் அவர்கள் செய்தது ஒன்றுதான்: முதல் மூன்று சுற்றுக்குள் வேறு எதையும் தொடாமல் வாசல் மதிலைப் பிடித்தார்கள். வெற்றிக்கான நிபந்தனையை நண்பகல் வரை தாக்குப்பிடிப்பது என்று வைத்திருக்கிறேன். உங்களுக்கு ஐயம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வந்து சிப்பாய்ப் பக்கம் உட்காருங்கள்.

ஆரணி: ஆற்காட்டுக்குச் செய்தி போகும் நேரத்தைப் பகடையிடம் விடுவது சரியில்லை. அது வரலாற்றில் நடந்துவிட்டது.

நடந்துவிட்டது என்பது நமக்குத் தெரியும் தம்பி, அன்றைக்குக் கோட்டைக்குள் இருந்தவர்களுக்குத் தெரியாது. கோட்டைக்கு வெளியே தங்கியிருந்த ஓர் அதிகாரி ஆற்காட்டுக்குக் குதிரையில் பறந்தார். அவர் குதிரை இடறியிருந்தால்? அதனால் உதவி வரும் நேரத்தைச் சீட்டில் எழுதி மூடி வைக்கிறோம். சிப்பாய்த் தரப்பு அந்தச் சீட்டைப் பார்க்கவே கூடாது. எப்போது வருவார்கள் என்று தெரிந்துவிட்டால் அச்சம் போய்விடும். அச்சம் போன பிறகு மேசையில் அட்டைதான் மிஞ்சும்.

ராணிப்பேட்டை ஆசிரியர் மறுபடியும்: உறங்கிக்கொண்டிருந்த ஐரோப்பிய வீரர்கள் சுடப்பட்டதற்கும் பகடை உருட்டுவீர்களா? பிறகு சிப்பாய்களைக் கொன்றதற்கு?

இல்லை ஐயா. இரண்டுக்கும் உருட்டுவதில்லை. எங்கள் ஆட்டம் பொழுது விடியும்போது தொடங்கி, குதிரைப் பீரங்கி வாசலைப் பிளக்கும்போது நின்றுவிடும். நின்ற பிறகு யாரும் கைதட்டக் கூடாது என்பது எங்கள் வீட்டு விதி. அரண்மனைக்குள் ஒதுங்கியிருந்த நூறு பேரளவுக்குச் சிப்பாய்களை வெளியே இழுத்துச் சுவரோரம் நிறுத்திச் சுட்டதைப் பற்றிய குறிப்பை ஒருவர் சத்தமாக வாசிப்பார். என் மகள் முதன்முறை வாசித்தபோது பாதியில் நிறுத்திவிட்டாள். மீதியை நான் வாசித்தேன். உங்கள் கேள்வி நியாயமானது. எதை ஆடலாம், எதை ஆடக் கூடாது என்ற எல்லைக்கோட்டை, ஆட்டத்தை அமைப்பவன் தன் கையால் போட்டாக வேண்டும். நான் போட்ட கோடு இது.

இதையொட்டி இன்னும் ஒன்பது கேள்விகள் வந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பதில் மேலே இருக்கிறது.

திருப்பத்தூர், பள்ளி மாணவி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற கதாபாத்திர ஆட்டத்தைத் தமிழில் ஆட முடியுமா?

தமிழில் ஆடினால்தான் சில விஷயங்களே வரும், கண்ணு. 1974-இல் ஆங்கிலத்தில் வந்த அந்த ஆட்டத்தில் அரசனும் திருடனும் ஒரே சொல்லால் அழைக்கப்படுவார்கள். நமக்கு நீ உண்டு, நீர் உண்டு, நீங்கள் உண்டு. ஒருமுறை கதையை நடத்திய நான், ஒரு சத்திரக்காரராகப் பேசி, ஆட்டக்காரர்களை இரண்டு மணி நேரம் "நீங்கள், வாங்க" என்றே உபசரித்தேன். கடைசியில் விளக்கைத் தூக்கிப் பிடித்து, "நீ வந்த வேலை எனக்குத் தெரியும்" என்றேன். வேறெதுவும் சொல்லவில்லை. நான்கு பேரும் ஒரே நேரத்தில் பகடையைக் கீழே வைத்தார்கள். விதிப்புத்தகத்தை மொழிபெயர்க்க உட்கார்ந்துவிடாதே. எண்களை அப்படியே வைத்துக்கொண்டு பேச்சைத் தமிழாக்கு.

பேரணாம்பட்டு: வெயிலில் வண்ணம் தட்டிலேயே காய்ந்துவிடுகிறது.

சாப்பாட்டு டப்பா மூடியில் ஈர ஸ்பாஞ்சு, அதன்மேல் பட்டர் பேப்பர், அதன்மேல் வண்ணம். மே மாதத்தில் காலை எட்டு மணிக்குள் தீட்டிவிடுங்கள்.

அரக்கோணம்: முதலில் வாங்க வேண்டிய பெட்டி எது?

மூன்றாவது முறை. அட்டை, கத்தரிக்கோல், பென்சில்.

ஆற்காடு, கடை உரிமையாளர்: எங்கள் ஊர் முற்றுகையை ஆட ஆசை. யானைக்கு விதி எப்படி எழுதுவது?

1751-இல் கிளைவ் ஐம்பது நாள் தாக்குப்பிடித்த முற்றுகை. கடைசித் தாக்குதலில், முற்றுகையிட்ட ராசா சாகிபின் படை, நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகளைக் கதவை முட்ட அனுப்பியது. குண்டு பட்டதும் அவை திரும்பித் தங்கள் ஆட்களையே மிதித்தன. ஆகவே யானைக்கு இரண்டே விதி போதும். அடிபடாதவரை நேராக மட்டுமே போகும். அடிபட்டால் ஒரு கட்டையை உருட்டுங்கள்: பூஜ்யமோ ஒன்றோ வந்தால் வந்த வழியே திரும்பும், இரண்டு இடப்பக்கம், மூன்று வலப்பக்கம், எதிரில் இருப்பது யார் படை என்று பார்க்காது. களத்தைக் கடையில் ஃபிளெக்ஸில் அச்சிட்டுக்கொள்ளலாம். கோட்டையை மட்டும் தெர்மகோலில் செய்து ஸ்பிரே அடித்துவிடாதீர்கள்.